சர்ச் விருந்தில் ஒரு பீச் ஜாடி

சர்ச் விருந்து மேஜையில், பொரித்த கோழிக்குப் பக்கத்தில் அந்த பீச் பழ ஜாடியைப் பார்த்ததும் டெல்பர்ட் மனைவியைத் தனியே இழுத்தான்.

"வெர்னா! நம்ம வீட்டு ஜாடியையா கொண்டாந்தே?"

"ஆமா. சாமி காரியத்துக்குக்கூடக் கஞ்சத்தனமா?" என்றாள் மனைவி.

அவளுக்கு என்ன தெரியும்? அந்தப் பழம் ஊறிக் கிடந்தது சோளச் சாராயத்தில். டெல்பர்ட் இந்தச் சபையில் பாஸ்டருக்கு உதவும் பொறுப்பாளன், டீக்கன். ஊறுகாய் கம்பெனியில் வேலை என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தான். உண்மையில் அது லைசென்ஸ் வாங்கி, வரி கட்டி, முறையாகச் சாராயம் காய்ச்சும் இடம். ஜாடியைக் குலுக்கி, எழும்பும் குமிழியின் அளவைப் பார்த்து வீரியம் சொல்வதுதான் அவன் வேலை; குமிழி பெரிதானால் சரக்கு காட்டம். திருட்டுத்தனம் எதுவுமில்லை. ஆனாலும் இந்த மலை ஊரில் குடி வாசனை பட்டாலே டீக்கன் பதவி போய்விடும். வெட்கத்தில் லேபிளைச் சுரண்டிவிட்டுத்தான் ஜாடியை வீட்டுக்கே கொண்டு வந்திருந்தான்.

சாப்பிட வந்த சபைப் பெண் ஓபல் ஜாடிக்குள் கரண்டியை நீட்டினாள்.

"சிஸ்டர், வேணாம்! அது கெட்டுப்போச்சு!"

"அப்படியா?" என்று ஒரு துண்டை வாயில் போட்டாள். கண் விரிந்தது. "யார் சொன்னது? ஏய், எல்லாரும் இங்க வாங்க!"

வேறு வழி தெரியாமல் டெல்பர்ட் பாதி ஜாடியைத் தன் தட்டில் கொட்டி விழுங்கத் தொடங்கினான். தொண்டை எரிந்தது. என்றைக்கும் இல்லாத எரிச்சல். அதை யோசிக்க அவனுக்கு ஏது நேரம்?

"டீக்கனே இந்த வெட்டு வெட்டுறாரு, ருசி இல்லாமலா?" என்று வரிசை கட்டிவிட்டார்கள். பாஸ்டர் இரண்டாம் முறை வாங்கினார். பாடகர் குழு முடித்த பாட்டையே மறுபடி ஆரம்பித்தது, கைதட்டலோடு.

பிள்ளைகளும் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் டெல்பர்ட் தட்டைத் தள்ளி வைத்தான். தள்ளாடி எழுந்தான்.

"நிறுத்துங்க! அது சாராயம். நான் சாராயக் கம்பெனியிலதான் வேலை பாக்கறேன். இத்தனை நாளும் பொய் சொன்னேன். என்னை டீக்கன் பதவியிலேர்ந்து எடுத்துடுங்க."

பாட்டு நின்றது. வெர்னா முகத்தை மூடிக்கொண்டாள். பாஸ்டர் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார். டெல்பர்ட் அவமானத்தில் அழுதேவிட்டான்.

ஜாடியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள் பாஸ்டரின் மனைவி மோடீன்.

"அழாதீங்க பிரதர். உங்க ஜாடியை வந்ததுமே குலுக்கிப் பாத்தேன், குமிழி கடுகளவுகூட வரலை. சபைக்கே வெட்கக்கேடுன்னு அதை ஒளிச்சு வெச்சுட்டு, எங்க கொல்லையில காய்ச்சினதுல ஊறின பழத்தைத்தான் அதே மாதிரி ஜாடியில மேஜையில வெச்சேன்."