மேல்பலகையில் சிலிண்டர் ஹெட்

வியாழக்கிழமை யாரும் ஆவிக்குளியலுக்கான சவுனா அறைக்குத் தீ மூட்டுவதில்லை. அது சனிக்கிழமைச் சமாசாரம். வார்க்கௌஸ் ஊரில் எந்த வீட்டுப் புகைபோக்கி எந்தக் கிழமை புகையும் என்பது தெருவுக்கே மனப்பாடம். அதனால் அந்த வியாழன் பிற்பகல் மேலே கற்கள் குவித்த சவுனா அடுப்பில் பிர்ச் விறகை அடுக்கும்போதே ஓஸ்மோ ஒரு காரணத்தையும் சேர்த்து அடுக்கி வைத்திருந்தான். முதுகுவலி.

உண்மையில் வலி முதுகில் இல்லை. கார் ஷெட்டில் இருந்தது.

அங்கே வருஷக்கணக்காக ஒரு பச்சைக் கார் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டு மட்டும்தான் இருந்தது. போன இலையுதிர் காலத்தில் ஸ்பார்க் பிளக்கை இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் நல்லது என்று ஓஸ்மோ நினைத்தான். மரை போய்விட்டது. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே கம்பிச்சுருள் செருகி, பிளக்கை மறுபடி உட்கார வைக்க அவனுக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. அந்தச் சுருளை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் டார்ச் அடித்துக் காட்டினான். தபால்காரர் இரண்டு முறை பார்த்தார்.

பிறகு புகைக்குழாயைக் கழற்றப்போய் அதைப் பிடித்திருந்த இரண்டு ஸ்டட்களை, தலையில்லாத திருகாணிகளை, ஒடித்தான். இன்ஜினின் மேல்மூடியான அலுமினிய ஹெட்டுக்குள் துருப்பிடித்த இரும்பு. பாதி வெளியே வந்தது, பாதி உள்ளேயே தங்கிவிட்டது.

அவன் மனைவி ரைலி மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்தாள். பனியிலும் சேற்றிலும் சாப்பாட்டு வேனை ஓட்டிக்கொண்டு மூன்று கிராமங்களைச் சுற்றி வருகிறவள். ஆனால் பச்சைக் காரின் ஸ்டீயரிங்கில் அவள் கை பட ஓஸ்மோ விட்டதில்லை. அது மென்மையான வண்டியாம், அதற்கு ஒரு கை வேண்டுமாம். வசந்த காலத்தில் ஒருநாள் காபி ஆறிக்கொண்டிருக்கும்போது ரைலி ஒரு பந்தயம் கட்டினாள். நடுக்கோடைத் திருநாளுக்குள் அவன் தன் கையாலேயே இன்ஜினைச் சரிசெய்துவிட்டால், ஏரிக்கரையில் ரைலியின் அக்கா ஹில்க்காவின் வீட்டுக்கு அவனே காரை ஓட்டிப் போகலாம். வேறு யார் கையாவது அந்த ஸ்டட்களைக் கழற்றினால் வண்டியை அவள் ஓட்டுவாள். ஓஸ்மோ சிரித்துக்கொண்டே கை கொடுத்தான். அப்போது வெளியே பனி முழங்கால் உயரம் கிடந்தது. நடுக்கோடை என்பது வேறு யாரோ ஒருவருடைய கவலை போல இருந்தது.

இப்போது திருநாளுக்கு ஒரு வாரம்தான். பக்கத்து வீட்டுத் தொய்வோ காகித ஆலையில் வெல்டர். அவன் வந்து இரண்டு துண்டுகளின் தலையிலும் ஒவ்வொரு நட்டை வைத்து வெல்டிங் செய்து கொடுத்தான். வெல்டிங் செய்தது கழற்றுவதில் சேராது என்று ஓஸ்மோ தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். ஆனால் முதல் தடவை முறுக்கியபோது நட்டே பிய்ந்துகொண்டு வந்தது. தொய்வோ மறுபடி வைத்தான். இன்னொரு முறை வைக்க உள்ளே இரும்பு மிச்சமில்லை என்றும் சொன்னான். போகும்போது ஒரு யோசனையும் சொன்னான்: ஹெட் முழுவதையும் நன்றாகச் சூடேற்று, அலுமினியம் அகன்று கொடுக்கும், சூட்டோடு சூடாகத் திருப்பு.

ரொட்டி அடுப்பில் வைக்கலாம். ஆனால் அந்த அடுப்பு ரைலியின் கண்ணெதிரே இருந்தது. சவுனா தோட்டத்தின் கோடியில் இருந்தது.

ஆகவே ஓஸ்மோ ஹெட்டை ரைலியின் பெரிய பூத்துவாலையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆப்பிள் மரத்துக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிக் கொண்டுபோய், சூடு அதிகம் நிற்கிற மேல்பலகையில் உட்கார வைத்தான். துவாலையைப் போர்த்தினான். வீட்டுக்கு வந்து இடுப்பில் கையை வைத்து முனகினான்.

ரைலி உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமலே, பாவம், நன்றாகச் சூடு ஏற்றிக்கொள் என்றாள். குரலில் அத்தனை பரிவு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் முதுகுக்கு அந்தக் குரல் கிடைத்ததே இல்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

சூடு ஏறும்வரை ஷெட்டில் ஸ்பேனரைத் தேடினான். வேண்டிய அளவைத் தவிர மற்ற எல்லா அளவும் இருந்தன. ஒருவழியாக அது பெயின்ட் டப்பாவுக்குள் கிடைத்தது, யாரோ கலக்கியிருக்கிறார்கள், அவனேதான். துடைத்து எடுத்துக்கொண்டு சவுனா வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றான்.

வாசலில் மூன்று ஜோடி பெண்கள் செருப்பு.

உள்ளே சிரிப்புச் சத்தம். ஒன்று ரைலி. ஒன்று ஹில்க்கா. மூன்றாவது தொய்வோவின் மனைவி லெம்பி. அந்தக் குரலைக் கேட்டதும் ஓஸ்மோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொய்வோ யோசனையைத் தோட்டத்தில் சொன்னான், மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மறுபடி சொல்லியிருக்கிறான், லெம்பி அதைச் சுடச்சுட ரைலியிடம் கொண்டு சேர்த்திருக்கிறாள். தீ மூட்டிய சவுனாவுக்கு அக்கம்பக்கத்தைக் கூப்பிடாமல் இருப்பது அந்த ஊரில் மரியாதை இல்லை. ரைலி மரியாதை தெரிந்தவள், ஏரிக்கரை அக்காவையும் போன் போட்டு வரவழைத்திருக்கிறாள்.

பெண்கள் உள்ளே இருக்கும்போது ஆண்பிள்ளை அந்தக் கதவைத் தொட முடியாது. ஓஸ்மோ ஆப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, மெல்ல இருமினான்.

"யாரு?"

"நான்தான். ரைலி, கல்லு மேல தண்ணி மட்டும் ஊத்தாதே."

உள்ளே பலகை கிறீச்சிட்டது. பிறகு ஹில்க்காவின் குரல்.

"தண்ணி ஊத்தாம, ஆவி வராம, இதென்ன சவுனாவா, அலமாரியா? மாப்பிள்ளே, உனக்கு வலி முதுகுலன்னுதானே சொன்னாங்க? தலையிலயா?"

"இல்ல, மேல்பலகையில ஒரு சாமான் இருக்கு."

"இருக்கே. துவாலையைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு. உங்க வீட்டு விருந்தாளியாக்கும்னு நாங்க தள்ளி உட்கார்ந்துக்கிட்டோம். வாயே திறக்க மாட்டேங்குது. உங்க பக்கத்துச் சொந்தமா?"

லெம்பி சிரித்த சிரிப்பில் பலகை அதிர்ந்தது.

ஓஸ்மோ கெஞ்சினான். அது சூடான அலுமினியம், பச்சைத்தண்ணீர் ஒரு சொட்டுத் தெறித்தாலும் விரிசல் விடும் என்றான். ஐந்தே நிமிஷம் வெளியே வந்தால் தன் வேலை முடிந்துவிடும் என்றான். ஹில்க்கா இப்போதுதான் தனக்கு வேர்வை அரும்புகிறது என்றாள். ஒரு மணி நேரம் ஆகும், பிறகு தொட்டித் தண்ணீரில் ஒரு முங்கு, பிறகு மறுபடி ஒரு சுற்று. அதற்குள் விறகு சாம்பலாகிவிடும் என்று ஓஸ்மோவுக்குத் தெரியும். நட் ஆறிப்போனால் அது இந்த ஜென்மத்தில் திரும்பாது.

வாளியில் அகப்பை மோதும் சத்தம் கேட்டது.

"ரைலி!"

"கத்தாதே. மொண்டுதான் வச்சிருக்கேன், இன்னும் ஊத்தல." ரைலியின் குரல் கதவுக்கு அருகில் வந்தது. "ஸ்பேனரை இப்படிக் கொடு. நானே கழட்டித் தர்றேன்."

"உனக்கு அது வராது. அதுக்கு ஒரு பக்குவம் வேணும்."

"பதினேழு வருஷமா இந்த வீட்டுல ஜாம் பாட்டில் மூடியெல்லாம் யார் திறக்கறா?"

ஓஸ்மோ ஸ்பேனரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நான் கழட்டினா வண்டியை நான் ஓட்டுவேன். பேச்சு மாறக்கூடாது."

ஓஸ்மோ ஆப்பிள் மரத்திடம் முகத்தால் முறையிட்டான். திருநாளன்று ஹில்க்கா வீட்டு வாசலில் மொத்தக் குடும்பமும் நிற்கும். பச்சைக் கார் திரும்பி உள்ளே வரும். ஸ்டீயரிங்கில் ரைலி. பக்கத்தில், மடியில் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தோடு, அவன். இன்னொரு பக்கம், விரிசல் விட்ட ஹெட். அப்படியானால் கார் எங்குமே போகாது.

அகப்பை மறுபடி மோதியது.

"சரி, போறப்ப நீ ஓட்டு," என்றான். உடனே அவனுக்குள் இருந்த ஆண்பிள்ளை எழுந்து நின்றான். "ஆனா வர்றப்ப நான்தான் ஓட்டுவேன். அதை விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அன்னிக்கு ராத்திரியே திரும்பறோம்ல, நம்ம தெரு பூரா முழிச்சிட்டிருக்கும். அது என் கையாலதான் வீட்டுக்கு வரணும்."

திருநாளுக்கு மறுநாள் விடியற்காலை ரைலிக்கு மருத்துவமனையில் வேலை. நோயாளிகளுக்குத் திருநாளிலும் பசிக்கும். அதனால் இரவே திரும்புவதாக முன்பே முடிவாகியிருந்தது.

உள்ளே கிசுகிசுப்பு. பிறகு ரைலி சொன்னாள்:

"வர்றப்ப நீ. சரி, ஒத்துக்கிட்டேன்."

இவ்வளவு சீக்கிரம் அவள் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. ஓஸ்மோ அதைத் தன் குரலின் உறுதி என்று நினைத்துக்கொண்டான்.

கதவு விரல்கடை அளவு திறந்தது. அனல் அடிக்க ஒரு சிவந்த கை நீண்டது. ஓஸ்மோ திரும்பிப் பார்க்காமலே ஸ்பேனரைக் கொடுத்தான். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றுகிற பக்கம், மறுபடி இறுக்கு, மறுபடி கழற்று, அவசரப்படாதே, கீச்சென்றால் நிறுத்து என்று பாடம் சொன்னான்.

"கீச்சுங்குது," என்றாள் ரைலி.

"நிறுத்து, நிறுத்து."

"கீச்சுன்னது ஹில்க்கா. தொடையில சுட்டுக்கிட்டா."

பிறகு நிஜமாகவே ஒரு சத்தம் கேட்டது. பழைய கதவு மனம் மாறித் திறக்கிற மாதிரி. ஓஸ்மோ பின்னால் கதவுப் பக்கம் கையை நீட்டினான். கொஞ்ச நேரத்தில் அதே கை வெளியே வந்து அவன் உள்ளங்கையில் ஒரு ஸ்டட்டை வைத்தது. துருவேறி, நட் தொப்பியோடு, முழுசாக, சுடச்சுட. கை சுட்டும் அவன் அதைக் கீழே போடவில்லை. இரண்டாவதும் வந்தது. அதை லெம்பி திருப்பினாளாம். கடைசியாக, துவாலையில் சுற்றிய ஹெட்டும் வந்தது.

"விருந்தாளியைக் கூட்டிட்டுப் போ," என்றாள் ஹில்க்கா. கதவு மூடியது. கல்லின் மேல் தண்ணீர் விழுந்து உஸ்ஸென்று ஆவி எழுந்தது. மூன்று பெண்களும் ஒரே குரலில் அப்பாடா என்றார்கள்.

ஒரு வாரத்தில் ஓஸ்மோ புது ஸ்டட் மாட்டி, ஹெட்டைத் திரும்பப் பொருத்தி, இன்ஜினை உயிர்ப்பித்தான். திருநாளன்று ரைலி ஓட்டினாள். மென்மையான வண்டிக்கு அவள் கை ஒன்றும் பாரமாக இல்லை. ஒரே ஒரு தடவைகூட கியர் முனகவில்லை. ஓஸ்மோ எதிர்பார்த்த மாதிரியே குடும்பம் வாசலில் நின்று கைதட்டியது. அவன் சாலட் பாத்திரத்தோடு இறங்கினான். பரவாயில்லை, வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அமைதியாக இருந்தான்.

சாயங்காலம் ஏரிக்கரையில் பெரிய தீ மூட்டினார்கள். ஹில்க்காவின் கணவன் ஆர்வி நிலவறையிலிருந்து ஒரு மரப்பீப்பாயை உருட்டி வந்தான். வருஷத்துக்கு ஒரே தடவை அவன் வீட்டிலேயே காய்ச்சுகிற பீர். அந்த ஜில்லாவில் அதற்கு ஈடே கிடையாது என்பார்கள். குவளை குவளையாக ஊற்றினான். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நுரை வழியும் குவளையோடு ஓஸ்மோவிடம் வந்தான். ஓஸ்மோ கையை நீட்டினான்.

ரைலி நடுவில் கையை நீட்டி அந்தக் குவளையை வாங்கிக்கொண்டாள்.

"அவனுக்கு வேணாம், ஆர்வி. இன்னிக்கு ரோடு பூரா போலீஸ் ஊதச் சொல்லிக்கிட்டு நிக்கும். வர்றப்ப வண்டியை அவன்தான் ஓட்டணும்னு கதவுக்கு வெளியே நின்னு அடம்பிடிச்சு வாங்கினான்."

ஹில்க்கா உள்ளே போய் ஓஸ்மோவுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள்.