தவறினாலும் ஒரு புள்ளி

எதையும் எண்ணிப் பார்க்கிறவனுக்கு அதிர்ச்சிகள் அதிகம். எண்ணாதவனுக்கு என்ன குறைந்தது என்றே தெரியாது, நிம்மதியாகத் தூங்குவான். நான் லண்டனில் ஒரு கவுன்சிலுக்காக இருபத்தேழு ஆண்டுகள் சந்திகளில் நின்று வாகனங்களை எண்ணியவன். கையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். அமுக்கினால் 'டிக்' என்று ஒன்று கூடும். மழையிலும் பனியிலும் ஒரு லொறியைக்கூடத் தவறவிட்டதில்லை. (சைக்கிள்களையும் எண்ணினேன். அதை யாரும் கேட்கவில்லை.) அப்படிப்பட்ட நான் வாழ்நாளில் ஒரேயொரு தடவை எண்ணத் தவறினேன். அந்த ஒன்றைத்தான் வீட்டில் நான்கு ஆண்டுகளாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்போது எனக்கு வயது எழுபது. அனுபவம் போதாத வயது.

என் ஒரே மகள் ஆரணிக்கு முப்பத்திரண்டு. அதற்கு முன் வந்த இரண்டு மாப்பிள்ளைகளை நான்தான் தட்டிக்கழித்தேன். ஒருவர் நாற்பது நிமிடம் பிந்தி வந்தார். மற்றவர் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் 'பார்ப்பம்' என்று பதினொரு தடவை சொன்னார். மூன்றாவதாக ஆரணி தானே ஒருவரைக் கண்டுபிடித்தாள். பெயர் துவாரகன்; மெல்பேணில் பிறந்து வளர்ந்தவர்; இப்போது லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். அதற்கு முன், அவுஸ்திரேலியாவில் சம்பளத்துக்கு ஆடிய உதைபந்தாட்ட வீரர்.

உதைபந்தாட்டம் என்றதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்று மாலைக்குள் நாங்கள் இருக்கும் ஹரோவில் ஒன்பது பேருக்குச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆரணி கணினியில் அவருடைய பழைய ஆட்டம் ஒன்றைக் காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாயில் வைத்த வடை வாயிலேயே நின்றது.

பந்து உருண்டையாக இல்லை. வலை இல்லை. இரண்டு கம்பங்கள் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு நின்றன. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். இது அவுஸ்திரேலியாவின் தனி உதைபந்தாட்டமாம்; மைதானத்துக்கு நிச்சயித்த நீள அகலம் கிடையாதாம். இடத்துக்கு இடம் மாறுமாம். (அளவில்லாத மைதானத்தில் மனிதர் எப்படி நிம்மதியாக ஓடுவார்கள்?) பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள், குத்தினார்கள், ஒருவர் தோளில் ஒருவர் ஏறினார்கள். உதையும் இருந்தது, பந்தும் இருந்தது. ஆனால் உதை பந்துக்கு மட்டும் விழவில்லை.

அடுத்த வாரம் துவாரகன் வீட்டுக்கு வந்தார், சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே. நான் கொப்பியும் பேனையுமாக இருந்தேன். எத்தனை ஆண்டு ஆடினீர்கள் என்று கேட்டேன்.

"அஞ்சு வருசம் கிளப்பில இருந்தனான், அங்கிள். ஆடினது ஏழு மட்ச்."

ஐந்து ஆண்டில் ஏழு. வகுத்துப் பார்த்தேன். இது தொழில் இல்லை, நீண்ட விடுமுறை என்று நினைத்தேன். முழங்கால் இரண்டையும் ஒவ்வொரு தடவை வெட்டித் தைத்தார்களாம். நான்கு கோல், ஒன்பது பிஹைண்ட் என்றார். பிஹைண்ட் என்றால் என்ன என்று கேட்டேன். நடுவில் நிற்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்து போனால் கோல், ஆறு புள்ளி. கொஞ்சம் விலகி, பக்கத்திலிருக்கும் குட்டைக் கம்பத்துக்குள்ளே போனாலும் உயரக் கம்பத்தில் பட்டாலும் பிஹைண்ட், ஒரு புள்ளி.

தவறியதற்குப் புள்ளி. என் கணித வாத்தியார் தவறிய விடைக்குப் பிரம்பு எடுத்தவர். இங்கே புள்ளி கொடுத்து, அதைப் பெயருக்கு நேரே எழுதியும் வைக்கிறார்களாம்.

"பிறகு எப்பிடி முடிஞ்சது?" என்றேன்.

"ஒரு ஃபோன் வந்தது. அடுத்த வருசம் லிஸ்ட்டில என்ர பேர் இல்லை எண்டு சொல்லிச்சினம். நாலு நிமிசம். அதில ஒண்டரை நிமிசம் வெதரைப் பற்றி."

எண்ணியிருக்கிறார் என்பதைக் கவனித்தேன். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு என் கவலைகளை வரிசையாக வாசித்தேன். முக்கியமானது முழங்கால். அம்மி மிதிக்கும்போது குனிந்து பெண்ணின் காலைத் தூக்கி வைத்து மெட்டி போட வேண்டியவர் இவர். குனிந்தால் நிமிர்வாரா?

"பெடியனை எண்ணாதேங்கோ, பாருங்கோ" என்றாள் மனைவி.

ஆரணி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு பேரை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டியள், அப்பா. இவர் நான் கொண்டு வந்தவர். சனிக்கிழமை வால்தம்ஸ்டோ பார்க்கில விளையாடுறார், வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ. மூண்டாந்தரமும் வேண்டாமெண்டால், பிறகு நான் உங்களிட்ட ஒண்டும் கேக்கமாட்டன்."

ஒன்றும் என்றால் ஒன்றும்தான். என் மகள் என்னைப் போல. சொன்னால் கணக்குப் பிசகாது.

சனிக்கிழமை மூவரும் ரயிலேறினோம். நான் சொல்லப்போவது 'வேண்டாம்' என்று எனக்குள் முடிவாகியிருந்தது. பூங்காவில் அவுஸ்திரேலியப் பெடியள் முப்பத்தொரு பேர் காலுறையை இழுத்துக்கொண்டு நின்றார்கள். (கணக்குக்கு ஐந்து பேர் குறைவு.) எல்லாரும் வாரநாளில் வேறு வேலை செய்கிறவர்கள். கம்பங்களுக்கு நடுவே நின்று கோலா பிஹைண்டா என்று சொல்ல, ஒவ்வொரு அணியும் ஓர் ஆளைத் தரவேண்டுமாம். துவாரகனின் அணி ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அணித் தலைவர், செம்பட்டைத் தலையும் தாடியுமாக ஒரு மலை, எங்களைப் பார்த்தார். என் மனைவி, கேட்கப்படாமலே, இவர் இருபத்தேழு வருடம் எண்ணினவர் என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள்.

எனக்கு ஒரு பழைய வெள்ளைக் கோட்டை மாட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கையில் இரண்டு கொடிகள், ஓர் அட்டை, ஒரு பென்சில். கோல் என்றால் இரண்டு கொடி. பிஹைண்ட் என்றால் ஒன்று. கம்பங்களுக்கு நடுவே போட்ட எல்லைக் கோட்டை விட்டு மட்டும் நகரக்கூடாது என்றார் மலை. நகரக்கூடாது என்று எனக்கு ஒருவர் சொல்லவேண்டியிருந்தது அவமானமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மணி நேரம் ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த சிறந்த இரண்டு மணி நேரம். என் எண்ணிக்கைக்காக முப்பத்தொரு பேர் காத்திருந்தார்கள். இரண்டு கொடியையும் வீசும்போது தோள் வலித்தது, சுகமாக இருந்தது. துவாரகன் இரண்டு கோல் போட்டார். ஆனால் என் கண் பந்தைவிட அதிகமாக அவருடைய முழங்கால்களில் இருந்தது. ஒவ்வொரு தடவை அவர் தரையில் இறங்கும்போதும் நானும் இறங்கினேன்.

கடைசி நிமிடம். அட்டையில் எங்களுக்கு ஒன்பது கோல், பத்து பிஹைண்ட்: அறுபத்து நான்கு. அவர்களுக்குப் பத்து கோல், ஏழு பிஹைண்ட்: அறுபத்தேழு. ஒரு கோல் விழுந்தால் வெற்றி. பந்து என் பக்கமாக உயரத்தில் வந்தது. துவாரகன் பாய்ந்தார். அவருக்குப் பின்னாலிருந்து எதிரணி ஆள் ஒருவர், ஆறடி மூன்று அங்குலம் இருப்பார், அவர் முதுகில் முழங்காலை ஊன்றி, மாமரத்தில் ஏறுகிறவர் போல ஏறினார். துவாரகன் கால் மடங்கி விழுந்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டினார்கள். அது சட்டத்துக்கு உட்பட்ட ஏற்றமாம், அழகான ஏற்றமாம். பிறகு சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் எல்லைக் கோட்டில் இல்லை. வெள்ளைக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். யாரோ தமிழில் கத்துவது கேட்டது. அது நான்தான்.

"என்ர மருமோன்ர முழங்காலை விடடா!"

கொடிக்கம்பால் அந்த நெடியவரின் முதுகில் இரண்டு அடி போட்டேன். (மூன்று என்று அவர் சொல்லித் திரிகிறார். இரண்டுதான்.)

கீழே கிடந்த துவாரகன் தலையை நிமிர்த்தினார். "அங்கிள், எனக்கு ஒண்டுமில்லை. நீங்கள் போஸ்டுக்குப் போங்கோ, ப்ளீஸ்."

திரும்பிப் பார்த்தேன். கீழே விழுந்த பந்தை எங்கள் அணியில் வேறொருவர் எடுத்து உதைத்துவிட்டார். அது கம்பங்களைக் கடந்து, அப்பாலிருந்த புற்றரையில் ஒரு நாயின் பக்கத்தில் கிடந்தது. எங்கள் அணி கோல் என்று குதித்தது. எதிரணி கம்பத்தில் பட்டது என்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆட்டத்தை நடத்திய பெண் நடுவர் அருகில் வந்து, கோலா, பிஹைண்டா என்று மெதுவாகக் கேட்டார்.

இருபத்தேழு ஆண்டுகளில் என் வாயிலிருந்து வராத சொற்கள் வந்தன. நான் பார்க்கவில்லை என்றேன்.

பார்த்தவர் இல்லாவிட்டால் குறைந்த புள்ளிதானாம், அதுதான் விதி. ஒரு புள்ளி. அறுபத்தைந்து. இரண்டு புள்ளியால் தோற்றோம். என் கையாலேயே அட்டையில் எழுதினேன். மலை என்னிடமிருந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றினார், பொத்தான் ஐந்து. கொடிக்கம்பு ஒன்று முறிந்திருந்தது.

ரயிலில் நான் தொண்டையைச் செருமினேன். பிள்ளை, நான் ஒரு முடிவு சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"தேவையில்லை, அப்பா" என்றாள் ஆரணி. அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "நீங்கள் சொல்லிப்போட்டியள்."

"முப்பத்தொரு பேருக்கு முன்னால" என்றாள் மனைவி.

அப்போதுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. மருமோன். சொன்னவன் நான். நான் 'வேண்டாம்' என்று முடிவெடுத்து வைத்திருந்த இடத்தில் தேடினேன். அங்கே ஒன்றும் இல்லை.

ஏழு மாதத்தில் கல்யாணம். அம்மி மிதிக்கும் நேரம் துவாரகன் குனிந்தபோது இரண்டு முழங்காலும் 'கடக், கடக்' என்றன. மெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். நான் மூச்சை விட்டேன். மண்டபத்தின் பின்வரிசையில் மலை எழுந்து நின்று இரண்டு கொடிகளை வீசினார். பக்கத்தில் அந்த நெடியவரும் வேட்டியில் நின்று கைதட்டினார். (அவர் பல் வைத்தியராம். நல்ல வைத்தியர் என்கிறார்கள். நான் இன்னும் போகவில்லை.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எந்த விஷயத்திலும் முடிவு சொல்லாமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால், அது புதுக் கம்பளமோ, கண் ஒப்பரேஷனோ, என் மனைவி சமையலறையிலிருந்து ஒன்றுதான் சொல்வாள்: "கொடியை எடுத்துக்கொண்டு ஒருக்கால் ஓடிட்டு வாங்கோ. வாய் தானாச் சொல்லும்."

இதுவரை அறுபத்து மூன்று தடவை சொல்லிவிட்டாள். மருமகன் அறுபத்து நான்கு என்கிறார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.