பூனையை மட்டும் எழுதாத பட்டியல்

மருத்துவரிடம் நான் ஒரே ஒரு முறைதான் பொய் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு பொய்க்கே அரசு வாகனம் ஒன்று எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

"வீட்ல நாய், பூனை ஏதாவது வளர்க்கறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்."

அப்போது என் கறுப்புத் துப்பட்டாவில் குறைந்தது நாற்பது ஆரஞ்சு முடிகள் ஒட்டியிருந்தன. (அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.)

முடிகளுக்குச் சொந்தக்காரன் சங்கரா. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு திருவொற்றியூர் வந்து சேர்ந்தார். பையைத் திறந்தால் பாதி மீனும் ஒரு முழுப் பூனைக்குட்டியும் இருந்தன. குட்டிக்கும் மீனின் நிறமே என்பதால் பெயர் தேடும் வேலை மிச்சமானது. அன்று முதல் என் தலையணையில் முக்கால் பங்கு அவனுடையது.

சென்ற மார்கழிக் கடைசியில் எனக்குத் தும்மல் தொடங்கியது. பிறகு கண் வீங்கியது. பிறகு மாலை நேரங்களில் மார்புக்குள் யாரோ விசில் ஊதினார்கள். அம்மா தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்.

"பூனையாலதான்னு மட்டும் தெரியட்டும், அன்னிக்கே காசிமேட்டாண்ட கொண்டுபோய் வுட்டுருவேன். எனக்குப் பொண்ணுதான் முக்கியம்."

கரப்பான் பூச்சியைக் கண்டால் பின்வாங்கும் பூனை அது. துறைமுகத்தில் வலைக்குவியல்களுக்கு நடுவே காது கிழிந்த தடியன்கள் உலாவுகிறார்கள். அங்கே சங்கரா ஒரு நாள் தாங்க மாட்டான். ஆகவே பூனை காரணமாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டு, நான் காரணம் தேட ஆரம்பித்தேன்.

இத்தனைக்கும் நான் பழுது தேடச் சம்பளம் வாங்குகிறவள். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கருவிப் பிரிவில் இருக்கிறேன். வாயு கசிந்தால் அலறும் கருவிகள் சரியாக அலறுகின்றனவா என்று சோதிப்பது என் பொறுப்பு. எங்கள் பிரிவில் முதல் பாடமே, சந்தேகப் பட்டியலிலிருந்து எதையும் பிடித்தமானது என்பதற்காக விட்டுவிடக் கூடாது என்பதுதான். நான் பட்டியல் போட்டேன். ஊதுபத்தி, சலவைத்தூள், இறால், தலையணைப் பஞ்சு, கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி. ஒவ்வொன்றாக ஒரு வாரம் விலக்கிப் பார்த்தேன். இறாலை விலக்கிய வாரம் அம்மா மூன்று முறை இறால் தொக்கு செய்தார். (தற்செயலாம்.) பஞ்சுத் தலையணையைத் தூக்கிப் போட்ட வாரம், சங்கரா என் கழுத்தின் மேல் படுத்துக்கொண்டான். அவனைப் பட்டியலில் சேர்க்காததற்கு என்னிடம் தர்க்கம் இருந்தது: மூன்று வருடம் பழுதில்லாமல் ஓடிய பாகத்தை எதற்குக் கழற்ற வேண்டும்?

ஒரு சனிக்கிழமை மாலை மூச்சு நிஜமாகவே திணறியது. ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினேன். கீழ்வீட்டு மாரி அண்ணன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துணியோடு மாடி ஏறி வந்தார். எங்கள் தெரு நலச்சங்கத்தின் செயலாளர் அவர். தெருவில் வீசும் நாற்றத்தைப் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நான்கு வருடமாக மனு எழுதுகிறார். இதுவரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

"இன்னாமா இப்டி இருமிகினு கீற? கேஸா?"

'தெரியவில்லை' என்று சொல்லியிருக்கலாம். மடியில் சங்கரா இருந்தான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கலாம்ணா," என்றேன்.

எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல் போதும். அரை மணி நேரத்தில் எதிர்வீட்டில் இருவருக்குக் கண் எரிந்தது. பால் பூத்காரருக்குத் தலை சுற்றியது. அவர்களை நான் கிண்டல் செய்யவில்லை. வடக்கேயிருந்து காற்று அடிக்கும் நாட்களில் அங்கே யாருக்கும் எதுவும் எரியலாம்.

"படிச்ச பொண்ணு நீ. கேஸ் மிசினையே ரிப்பேர் பண்றவ. நீ எயுதிக் குடு, அப்ப வர்றானுங்களா இல்லியா பாக்கலாம்," என்றார் மாரி அண்ணன்.

எழுதிக் கொடுத்தேன். சும்மா அல்ல, அட்டவணையாக. கிழமை, நேரம், காற்று வீசிய திசை, தும்மல் எண்ணிக்கை, மூச்சுத்திணறல் பத்துக்கு எத்தனை. நான்கு வாரக் கணக்கு, கோடு போட்டு, கையெழுத்தோடு. நான்கு வருட மனுக்களுக்கு அசையாதவர்கள் அந்த ஒரு தாளைப் பார்த்து, புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

தெரு விழாக்கோலம் பூண்டது. அம்மா இரண்டு நாள் வீட்டைக் கழுவினார். திரைச்சீலை, போர்வை எல்லாம் துவைத்தார். "ஆபீசருங்க வர்றப்ப முடி பறக்கக் கூடாது" என்று சங்கராவை மாரி அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். புதன்கிழமை காலை எழுந்தபோது எனக்கு ஏதோ குறைவதுபோல இருந்தது. என்னவென்று புரியச் சிறிது நேரம் ஆயிற்று. மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது.

ஆழமாக இழுத்துப் பார்த்தேன்; விசில்கூட இல்லை.

பத்து மணிக்கு ஓர் அதிகாரியும் உதவியாளரும் வந்தார்கள். அதிகாரி அம்மாவின் வயதுக்காரர், அதிகம் பேசாதவர். எங்கள் கூடத்தில் முக்காலி நிறுத்திக் கருவியைப் பொருத்தினார்கள். வாசலிலும் படிக்கட்டிலும் தெரு நின்றது. எல்லோர் கண்ணும் கருவி மேல் அல்ல, என் மேல்.

"இப்போ எப்படிம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

"இப்போ... பரவாயில்லைங்க மேடம்."

"இப்போ மூச்சுத்திணறல் பத்துக்கு எத்தனை?"

"பூஜ்யம்," என்றேன். பொய்யான எண் எழுத எனக்கு வராது. (பொய்யான பட்டியல் வரும்.)

படிக்கட்டில் முணுமுணுப்பு கிளம்பியது. மாரி அண்ணன் என் காதருகே குனிந்தார். "இன்னாமா பேஜாரு பண்ற? நாலு வருசம்மா! ஒரே ஒரு தபா இருமு."

முயன்றேன். தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். உதவியாளர் முக்காலியின் ஒரு காலை மடக்க ஆரம்பித்தார். அந்த நொடியில் தெருவின் நான்கு வருடமும் என் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது.

அப்போது படிக்கட்டில் நின்ற கால்களுக்கு இடையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ நகர்ந்தது. இரண்டு நாள் பிரிவைத் தாங்காத சங்கரா, நேராக வந்து என் மடியில் ஏறி, முகத்தோடு முகம் வைத்து ஆசை தீரத் தேய்த்தான்.

முதல் தும்மல் உதவியாளரின் தாளைப் பறக்கவிட்டது. ஏழாவதில் கண் மூடிக்கொண்டது. மார்பில் விசில் தொடங்கியது.

"பாருங்க மேடம்! கேஸ் வந்துட்ச்சி!" என்று மாரி அண்ணன் கத்தினார். படிக்கட்டில் நான்கு பேர் உடனே இருமினார்கள். ஒருவர் கைதட்டினார்.

அதிகாரி கருவியைப் பார்த்தார். அதில் எண் அசையவில்லை. பிறகு பூனையைப் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து என் அட்டவணையை எடுத்து, வீங்கிய கண்ணுக்கும் தெரியும்படி விரித்தார்.

"செவ்வாய், மாலை ஏழு மணி, திணறல் ஆறு. அந்த நேரத்துல பூனை எங்கே இருந்துச்சு?"

அம்மா முந்திக்கொண்டார்.

"இவ மடிலதான்."

"வியாழன், காலை ஆறு. தும்மல் இருபத்திரண்டு."

"தலகாணி மேல."

"சனி, மாலை ஐந்தரை. திணறல் எட்டு."

"அன்னிக்கு எடுத்துக் கொஞ்சிகினு இருந்தா மேடம். மூக்கோட மூக்கு வெச்சி."

நான் விட்டிருந்த கட்டத்தை, இருபத்தெட்டு வரிகளுக்கும், அம்மா ஒரு வரி தவறாமல் நிரப்பினார். தெரு முழுக்க நின்று கேட்டது. அவ்வளவு நேர்த்தியான சோதனையை எங்கள் தொழிற்சாலையில் கூடப் பார்த்ததில்லை.

"வெளியே?" என்றார் மாரி அண்ணன், குரல் இறங்கி. "தெருவுல அளக்க மாட்டீங்களா மேடம்?"

"புகார் இந்த வீட்டைப் பத்தித்தான் வந்திருக்கு," என்றார் அதிகாரி. இரக்கமாகத்தான் சொன்னார். முக்காலி மடிந்தது.

என் மூச்சுத்திணறல் மடியவில்லை. மாரி அண்ணன் என்னை ஆட்டோவில் ஏற்றி அதே மருத்துவரிடம் கொண்டுபோனார். மருத்துவர் இம்முறை கண்ணாடி அணிந்திருந்தார். என் தோளிலிருந்து ஒரு முடியை இரண்டு விரலால் எடுத்து, "இது யாரு?" என்றார். மூக்கில் மருந்துப்புகை ஏறிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லும் தண்டனையிலிருந்து தப்பினேன். வருடக்கணக்காக ஒத்துக்கொண்டது ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்றும், நெருங்கிப் பழகப் பழகவே வருவதும் உண்டு என்றும் சொன்னார். பூனைகளைப் பற்றித்தான் சொன்னார்.

வீடு திரும்பியபோது வாசலில் அம்மா மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையோடு நின்றார். உள்ளே சங்கரா. அப்பா ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்க உரிமை இல்லை. அழ மட்டும் முடிந்தது. அதையும் ஒவ்வாமை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாரி அண்ணன் ஆட்டோவிலிருந்து இறங்கி, கூடையை அம்மாவின் கையிலிருந்து வாங்கினார்.

"எங்க எத்துகினு போறீங்க? இவன் என் வூட்ல கெடக்கட்டும்."

"உன் மனுவையே கெடுத்த பூனைப்பா இது," என்றார் அப்பா.

"அதுக்குத்தான் நைனா. இவன் கீழ, பொண்ணு மேல. இனிமே பொண்ணு இருமினா யாரு மேல பயி போடுவானுங்க? பாத்துடலாம்."

எனக்கு அத்தனை வருடப் பயிற்சியில் தோன்றாதது, ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இரண்டு நிமிடத்தில் தோன்றியது. சங்கரா கீழ்வீட்டுக்காரன் ஆனான். நான் தினமும் மாத்திரை போட்டு, முகக்கவசம் கட்டி, அவர்கள் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று கால்மணி நேரம் பேசிவிட்டு வருகிறேன். அவன் முதல் வாரம் கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டினான். இப்போது மாரி அண்ணன் வீட்டு டிவி மேல்தான் அவனுக்குப் பிரியம்.

என் இருமல் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் காலுக்காக இரண்டாவது மனு போட்டோம். 'ஏற்கெனவே நேரில் விசாரிக்கப்பட்டது. காரணம்: வளர்ப்புப் பூனை' என்று பதில் வந்தது. மாரி அண்ணன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்.

அதன் பிறகு எங்கள் தெருவில் எது நடந்தாலும் பூனைதான். குழாயில் மஞ்சள் தண்ணீர் வந்தால் பூனை. கன்டெய்னர் லாரி மின்கம்பத்தை இடித்தால் பூனை. எங்கள் வீட்டில் பால் திரிந்தால்கூட அம்மா, "அந்த அட்டவணையைப் பாருடி" என்கிறார்.

சென்ற வாரம் வடக்குக் காற்றில் மறுபடி அந்த நாற்றம் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தோம். எதிர்வீட்டிலிருந்து யாரோ கேட்டார்கள்:

"மாரிண்ணா, சங்கரா எங்க கீறான்?"

மாரி அண்ணன் ஜன்னலில் அவனைத் தூக்கிக் காட்டினார். "இங்கதான் கீறான். அவனும் தும்மிகினு கீறான்!"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எல்லோரும் இருமினோம்.