அன்பார்ந்த வாடிக்கையாளரே

டிவியைப் பார்த்து ஒரு பெண் திட்டிக்கொண்டிருந்தால், அவளுக்கு உதவி தேவைப்படுகிறது என்று அர்த்தமில்லை. இந்த ஒரு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால், என் கல்யாணத்துக்கு இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருக்க மாட்டேன்.

(தெரியாதவர்களுக்கு: எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, "இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று சாமியார் அறிவிப்பார். அதுதான் ஓலை. எனக்கு முதல் ஓலை நல்லபடியாக முடிந்திருந்தது. அதாவது, ஊரில் ஒருவருக்கும் என்னைப் பற்றி அதுவரை எதுவும் தெரிந்திருக்கவில்லை.)

திண்டுக்கல்லில் எங்கள் ஏரியாவுக்கு நான்தான் கேபிள்காரன். விசித்திரமான உத்தியோகம். படம் தெரியாவிட்டால் நான் குற்றவாளி. படம் பளிச்சென்று தெரிந்து, அதில் மாமியார் மருமகளின் பாலில் எதையாவது கலந்துவிட்டால் அதற்கும் நான்தான் குற்றவாளி. "என்னப்பா அருளு, இப்படிப் பண்ணிட்டாளே?" என்று வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். நானும் மேலிடத்தில் பேசிப் பார்க்கிறவன் மாதிரி, "பாப்போம்க்கா" என்று தலையாட்டிவிட்டு நகர்வேன்.

அப்போது எங்கள் ஏரியாவை ஆண்டுகொண்டிருந்தது ஒரு சீரியல். (பெயர் வேண்டாம். அதன் ரசிகைகளிடம் இன்னொரு தடவை மாட்ட எனக்குத் தெம்பில்லை.) நாயகன் விக்ராந்த், கோடீஸ்வரன். கோபம் வந்தால் மனைவி பொன்மலரை அறைவான். பிறகு அறைந்த கையைக் கண்ணாடியில் குத்திக் காயப்படுத்திக்கொள்வான். அவள் ஓடி வந்து அந்தக் கைக்குக் கட்டுப் போடுவாள். பின்னால் வயலின் அழும். அவள் கட்டுப் போடுகிற வேகத்தைப் பார்த்தால் பெரியாஸ்பத்திரியில் நேரடியாகவே வேலை போட்டுக் கொடுத்துவிடலாம்.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விக்ராந்தைப் பிடிக்கும். மீதிப் பேருக்கு விக்ராந்தைத் திட்டப் பிடிக்கும். நெருங்கி விசாரித்தால் இரண்டும் ஒரே ஆட்கள்தான். பூ கட்டும் சகாயமேரி அக்கா ஒரே மூச்சில் சொல்லும்: "அவன் கை வெளங்காமப் போக! பாவம், நேத்து அந்தக் கையில எம்புட்டு ரத்தம்!"

எனக்கு நிச்சயமாகியிருந்த ஜெசிந்தா கணக்கு டீச்சர். அவள் வீட்டுக்கும் என் கேபிள்தான். சீரியல் முடிந்த கையோடு அவளிடமிருந்து போன் வரும். காதல் பேச்சு என்று நம்பி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எடுப்பேன்.

"பாத்தீங்களா அந்த நாயை?"

"எந்த நாய்?"

"விக்ராந்த்! இன்னைக்கும் அறைஞ்சுட்டான். அவளும் வாங்கிக்கிட்டு நிக்கிறா. இதை எழுதுறவன் வீட்டுல கேக்க ஆளே இல்லையா? எங்க எட்டாம் கிளாஸ் பய ஒருத்தன், பொம்பளைன்னா பொன்மலர் மாதிரி பொறுமையா இருக்கணும் மிஸ்ங்கிறான், என்கிட்டயே! நீங்க கேபிள்காரர்தான? ஒண்ணும் பண்ண மாட்டீங்களா?"

இதைத் தினமும் கேட்டுக் கேட்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இவளுக்கு இந்தச் சீரியல் பிடிக்கவில்லை. (பிடிக்காததை ஒருத்தி ஒருநாள் விடாமல், விளம்பரத்துக்குக்கூட எழுந்திருக்காமல் ஏன் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கணக்கு டீச்சரைக் கட்டப்போகிறவனுக்குக் கணக்கு வரவேண்டும் என்று சட்டமில்லை.) ஆகவே பெண்ணினத்தின் மானத்தைக் காக்கும் பொறுப்பு என் தலையில் இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் நான் விரும்பிப் பார்த்தது ஒரு காமெடி நிகழ்ச்சி. அதில் ஓர் ஆளுக்குச் சேலை கட்டி, பொண்டாட்டி என்று சொல்லி, வாரம் முழுக்க அவளுடைய எடையையும் சமையலையும் கிண்டலடிப்பார்கள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அதில் பெண்களின் மானம் போவதாக எனக்குத் தோன்றியதே இல்லை. அது கலை.

அந்த வாரம் சீரியலுக்குப் புது ப்ரோமோ வந்தது. விக்ராந்த் கையை ஓங்குகிறான். பொன்மலரின் கண்கள் பெரிதாகின்றன. 'பளார்' என்று சத்தம். திரை இருட்டு. 'புதன்கிழமை காணத் தவறாதீர்கள்.'

அன்றைக்குச் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

கேபிள்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சந்தா பாக்கி வைத்தவர்களின் டிவியில் ஒரு பெட்டி வந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். 'அன்பார்ந்த வாடிக்கையாளரே' என்று ஆரம்பிக்கும். அதை நாங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்புவோம். எந்த வீட்டுக்கு வேண்டுமோ அந்த வீட்டுக்கு மட்டும் போகும். ரிமோட்டில் எந்தப் பட்டனை அமுக்கினாலும் நகராது. சினிமாவில் சிகரெட் பிடித்தால் கீழே எச்சரிக்கை வருகிறதே, அதுபோல அறைகிற நேரத்தில் நாமும் ஒரு எச்சரிக்கை போட்டால் என்ன? வீட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'அனைவரும்' என்று அமுக்கினேன். பெட்டி எங்கே வரவேண்டும் என்று கேட்டது. நல்ல விஷயத்தை ஓரமாகச் சொல்வானேன்? 'நடுவில்' என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டது. நொடிக்கணக்கு என்று நினைத்து முப்பது போட்டேன். அது நிமிடக்கணக்கு. அனுப்பிவிட்டால் நேரம் முடியும்வரை என்னாலும் எடுக்க முடியாது.

புதன்கிழமை கன்ட்ரோல் ரூமில் தனியாக உட்கார்ந்திருந்தேன். விக்ராந்த் கையை ஓங்கினான். நான் பட்டனைத் தட்டினேன்.

திரையில் வந்தது இது:

'அன்பார்ந்த வாடிக்கையாளரே, கட்டிய மனைவியைக் கைநீட்டி அடிப்பது ஆண்மை அல்ல, அவமானம். தடையின்றித் தொடர உடனே எங்களைத் தொடர்புகொள்ளவும்.'

நடுவில் இருப்பது மட்டும்தான் என் சரக்கு. முதல் வரியும் கடைசி வரியும் சந்தா பாக்கிக்காக ஏற்கெனவே போட்டு வைத்திருந்தவை. தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. அதன் கீழே என் போன் நம்பர்.

பெட்டிக்குப் பின்னால் 'பளார்' என்று கேட்டது. அடுத்த கணம் வெளியே தெரு முழுக்க ஒரே குரலில் "அய்யய்யோ!" என்று எழுந்தது. ஒரு சமுதாயம் விழித்துக்கொள்ளும் சத்தம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் புல்லரித்தது.

முதல் போன் சகாயமேரி அக்கா.

"ஏலே அருளு! எடுறா அந்தப் பெட்டியை! யாரு யாரை அறைஞ்சதுன்னே தெரியலைடா!"

"வேற யாருக்கா, விக்ராந்த்தான். எப்பவும் அவன்தான..."

"அப்ப அழுகுறது ஏண்டா ஆம்பளக் குரலாக் கேக்குது?"

நான் எங்கள் டிவியைக் காது கொடுத்துக் கேட்டேன். ஆம்பளக் குரல்தான். ஓங்கிய கையைப் பிடித்துத் திருகி, ஐந்நூறு எபிசோடாக வாங்கியதையெல்லாம் சேர்த்து வைத்து, பொன்மலர் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ப்ரோமோவில் காட்டியது ஒன்று, நடந்தது ஒன்று. இந்த ஒரு அறைக்காகத்தான் ஊரே இத்தனை நாள் திட்டித் திட்டிக் காத்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் வந்து நின்று, பெண்களை எப்படி நடத்த வேண்டும் என்று நான் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"போன்ல அந்த எபிசோடு வரும்க்கா, அதுல பாத்துக்கங்க..."

"போன்ல பாத்தா அது அறையா? எறும்பைத் தட்டிவிட்ட மாதிரில்ல இருக்கும்! நீ வாடா தெருப்பக்கம்!"

அடுத்து வந்த போன்கள் ஆண்களுடையவை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் சுலபம். அந்தப் பெட்டி இதுவரை எந்த வீட்டுக்குப் போனாலும், அந்த வீட்டு விவகாரமாகத்தான் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் பாக்கிக்கு நம் வீட்டில் பெட்டி வராது. எனவே ஒவ்வொரு வீட்டு ஆணும், அன்பார்ந்த வாடிக்கையாளர் என்பது தான் ஒருவன்தான் என்று நம்பிவிட்டான்.

"தம்பி, எவன் உனக்குச் சொன்னது?" என்றார் ஒருவர், குரலைத் தாழ்த்தி. "அடிக்கலப்பா. கையை ஓங்குனேன். அவ்வளவுதான்."

"எங்க வீட்டுல அவதான் என்னைய வெளக்கமாத்தால சாத்துவா. மெசேஜை மாத்திப் போடு" என்றார் இன்னொருவர்.

ஒருவர் எதுவுமே கேட்கவில்லை. "இனிமே நடக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது அந்த ஒரு போனில்தான்.

கடைசியில் ஜெசிந்தா.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"நீதான ஒண்ணும் பண்ண மாட்டீங்களான்னு..."

"எங்க அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பச் சொன்னேனா? டிவில வந்ததுலருந்து அவரு யாரு கூடயும் பேசல. அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கணுமான்னே தெரியல. காலையில வீட்டுக்கு வாங்க."

என் வருங்கால மாமனார் பூட்டு வியாபாரி. வாயும் அவர் விற்கும் சரக்கு மாதிரிதான். சாவி யாரிடம் இருக்கிறது என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணப் பேச்சுக்குப் போன அன்று என்னிடம் அவர் மொத்தமாகப் பேசியது, "உக்காருங்க மாப்ள." அவருக்குத்தான், மனைவியை அடிக்காதே என்று, மருமகனாக வரப்போகிறவன் டிவியில் அறிவிப்பு விட்டிருக்கிறான்.

மறுநாள் காலையில் போனேன். மாமா கேட்டிலேயே என் தோளைப் பிடித்து நேராக மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாடியிலிருந்து மலைக்கோட்டை நன்றாகத் தெரிந்தது. தள்ளிவிட்டால் எவ்வளவு ஆழம் என்பதும் தெரிந்தது.

"மாப்ள. எதுவா இருந்தாலும் நேர்ல சொல்லியிருக்கலாம்ல."

"மாமா, அது வந்து..."

"நான் அவளை அடிச்சதில்ல. ஒரே ஒருக்கா, விருந்தாளுக முன்னாடி, வெஞ்சனம் சரியில்லன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சேன். ஜெசிந்தா அப்ப கைப்புள்ள. அதையா சொன்னா உங்ககிட்ட?"

"மாமா, அது உங்களுக்கு அனுப்பினதே இல்ல. ஊருக்கே போச்சு. எல்லா வீட்டுலயும் வந்துச்சு."

மாமா தோளிலிருந்த கையை எடுத்தார். "எல்லா வீட்டுலயுமா?"

"ஆமா மாமா."

"அப்ப நான் நேத்து ராத்திரி மன்னிப்புக் கேட்டது?"

பூட்டு திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட்டது. இப்போது அதைத் திரும்ப உள்ளே வைக்க வழியில்லை. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, எல்லாருக்கும் வந்துச்சுன்னு வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க."

கீழே இறங்கினோம். அத்தை எனக்கு மூன்று இட்லி வைத்து, கேட்காமலே நான்காவதும் வைத்தார். சமையல் குறிப்பு சொல்கிற சாதாரணக் குரலில் பேசினார்.

"எனக்குத் தெரியும் மாப்ள. பக்கத்து வீட்டு அண்ணன் அதே மெசேஜைச் சத்தம் போட்டுப் படிச்சது சுவரு வழியாக் கேட்டுச்சு. அதுக்குள்ள இவரு ஆரம்பிச்சுட்டாரு. சரி, முடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

மாமா இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கட்டும்" என்றார் அத்தை. "அறை போனாப் போகுது. மத்தியானம் திரும்பப் போடுவான்."

ஜெசிந்தா அவ்வளவு லேசில் விடவில்லை. வாசல்வரை வந்து நின்றாள். "நான் திட்டுனா, நிறுத்தச் சொன்னேன்னு அர்த்தமா? எனக்குப் பிடிச்சதை நான் திட்டுவேன். பிடிக்காததைப் பாக்கவே மாட்டேன். அவ என்னைக்காவது திருப்பி அடிப்பாளான்னு தினம் உக்காந்து பாத்தது நான். அன்னைக்குப் பாத்து நடுவுல வந்து நிக்கிறது நீங்க."

"இப்ப என்னையத் திட்டுறியே..."

"பிடிச்சதைத் திட்டுவேன்னுதான சொன்னேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தியது படாரென்றுதான். ஆனாலும் நான் வண்டியைக் கிளப்பும்போது காலரைச் சரிசெய்துகொண்டேன்.

(மத்தியான மறு ஒளிபரப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். அதையும் நான்தான் செய்தேன் என்று இன்றுவரை நம்புகிற வீடுகள் இருக்கின்றன.)

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. சாமியார், "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்று சொல்லி வழக்கம்போல நிறுத்தினார். பெண்கள் பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பி, நான் ஒளிந்திருந்த தூணைப் பார்த்தது. சாமியாரும் பார்த்தார். நல்லவேளையாக அவர் வீட்டுக்கு வேறு கேபிள். வெளியே வந்ததும் சகாயமேரி அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தியது. தடை சொல்லாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பேசாத. அவன் அறை வாங்குன பெறகு எம்புட்டு அழகா இருந்தான்னு என் தங்கச்சி நத்தத்துலருந்து போன் போட்டுச் சொல்றா. நான் பாக்கல" என்றது. கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

கல்யாணம் நடந்து வருடங்கள் ஓடிவிட்டன. அந்தச் சீரியல் முடிந்து வேறொன்று வந்துவிட்டது. இதில் நாயகன் அறைவதில்லை. மனைவியை வேலைக்குப் போகவிடாமல் காதலிக்கிறான். ஜெசிந்தாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவனைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறார்கள். மாமா ஓரமாக உட்கார்ந்து, கேட்கப்படாத கேள்விகளுக்கெல்லாம் "தப்புத்தான், தப்புத்தான்" என்று தலையாட்டுகிறார்.

போன வாரமும் அப்படித்தான். நாயகன், "உனக்கு எதுக்குக் கஷ்டம்? நான் சம்பாதிக்கிறேன்ல" என்று ஒரு சிரிப்புச் சிரித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பெண் சுதந்திரம் பற்றி நாலு வார்த்தை சொல்லலாமே என்று தொண்டையைத்தான் செருமினேன். வேறெதுவும் செய்யவில்லை.

"தள்ளுங்க, மறைக்குது" என்றாள் ஜெசிந்தா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா மாப்ள, செத்த தள்ளிக்கங்க" என்றார் அத்தை.

நான் அப்போது அடுக்களையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.