கிராபிக்ஸ் கார்டு உபயம்

கணினியைக் கண்டுபிடித்தவர்கள் உலகில் பல பேர் இருக்கலாம். அதற்கு உரிய மரியாதை செய்யத் தெரிந்தவர்கள், கோலா கிளாவாங் சாலையிலுள்ள எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் மட்டுமே. சங்கச் செயலாளன் என்ற முறையில், 1998ஆம் ஆண்டு நாங்கள் ஆற்றிய மகத்தான பணியை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

எங்கள் பள்ளியில் உபயதாரர் பெயர் எழுதாத பொருள் கிடையாது. சுவர்க் கடிகாரத்தின் கீழ்ப்பாதி முழுக்கப் பெயர்தான். நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை நேரத்தை ஊகித்துக்கொள்ள வேண்டும். பள்ளியின் ஒரே கணினி, சங்கத் தலைவரும் ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கரான கிராணியுமான கனகசுந்தரம் ஐயாவின் உபயம். அதன் மூளையாகிய பிராசஸர் ஒரு பழைய 486. அதற்கு வயதாகிவிட்டது என்று சொன்னால் ஐயாவுக்கு வயதாகிவிட்டது என்று சொன்ன மாதிரி. ஆகவே யாரும் சொல்வதில்லை.

சிரம்பானில் பள்ளிகளுக்கிடையே கணினிப் புதிர்ப்போட்டி அறிவித்தார்கள். வெல்லும் பள்ளிக்குப் புத்தம் புதிய கணினி. திலகம் டீச்சர் ஆறாம் ஆண்டு மாணவி சீதையைத் தயார் செய்தார். பயிற்சிக் குறுவட்டில் நிறையப் படங்கள். திரையில் படம் காட்டும் எங்கள் கிராபிக்ஸ் கார்டுக்குப் பதினாறு நிறங்களுக்கு மேல் தெரியாது. வட்டு ஓட மறுத்தது. அவசரக் கூட்டம் கூட்டினோம்.

டீச்சர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கார்டைக் கொண்டுவந்தார். "கடைக்காரர் சந்திரன் பார்த்துக் குடுத்தாரு ஐயா. நம்ம பிராசஸருக்கு இதுவே போதுமாம். பெருசு போட்டாலும் வேகம் ஏறாதாம்."

உபயம் செய்ய ஒப்புக்கொண்டிருந்த சிரம்பான் மொத்த வியாபாரி மெய்யப்பன், அதைக் கண்ணாடி போட்டுப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல எங்க எழுதறது?"

"எதை சார்?"

"'உபயம்: சிரம்பான் சே. மெய்யப்பன், ஆவுடையம்மை தம்பதியர்.' இதுல 'உபயம்' எழுதவே எடம் பத்தாது போலிருக்கே."

சங்கம் சந்தித்த முதல் "தொழில்நுட்பச் சிக்கல்" இதுதான்.

சீதையின் தாய், ரப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளி தாயம்மா, பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "பெருசா வாங்கி என்னா பண்றது லா. நான் ஓடி ஓடி மரம் வெட்டிப் பாலைக் கொண்டாந்தாலும், ஸ்டோர்ல நிறுக்கிறது ஒருத்தர்தானே. அவரு மெதுவா நிறுத்தா நான் வாளியோட நிக்க வேண்டியதுதான்."

கனகசுந்தரம் ஐயா நிமிர்ந்தார். "முப்பது வருசம் அந்த ஸ்டோரிலை நான்தான் நிறுத்தனான். ஆரை மெதுவு எண்டு சொல்லுறாய்?"

"உங்களத்தான்னு நான் சொல்லலையே ஐயா."

தாயம்மாவின் கருத்து குறிப்பேட்டில் ஏறவில்லை. கடையில் இருப்பதிலேயே பெரிய கார்டை வாங்கத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒரு சாண் நீளம். நடுவில் சூட்டைத் தணிக்கும் குட்டிக் காற்றாடி. பெயரைக் காற்றாடியின் மேலும் நீட்டி எழுதினால்தான் எடுப்பாக இருக்கும் என்றார் தலைவர். பள்ளிக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டால் நானே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

திறப்பு விழாவில் பெயர் தெரிய வேண்டுமென்று பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தோம். மாலை, சந்தனம், கைதட்டல். வட்டு ஓடியது. கார்டு வாளியோடு காத்து நின்றது. பிராசஸர் நிதானமாக நிறுத்தது. முதல் படம் முழுதாக வருவதற்குள் எல்லாரும் தேநீர் குடித்து முடித்தோம். பெயிண்ட் காய்ந்து இறுகிய காற்றாடி அசையவே இல்லை. பத்தாவது நிமிடம் கருகிய வாடை வந்தது. திரை இருண்டது.

"அந்தச் சின்ன கார்டையே போட்டுடலாம் ஐயா, இன்னும் ஒரு வாரம் இருக்கு" என்று டீச்சர் கெஞ்சினார்.

"உபயத்தைக் கழட்டினால் மெய்யப்பன் என்ன நினைப்பார்?" என்றார் தலைவர். கார்டு அங்கேயே இருந்தது. பெயர் தெளிவாகத் தெரிந்தது.

போட்டியில் சீதை எழுத்துச் சுற்றில் முதலாவதாக வந்தாள். படச் சுற்றில் தோற்றாள். அந்தப் படங்களை அவள் பார்த்ததே பத்து நிமிடம்தான். புதிய கணினி வேறு பள்ளிக்குப் போயிற்று. நடுவர் மேடையிலேயே, ஒலிவாங்கியைக் கையில் வைத்தபடி, ஆறுதலாக அவளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க ஸ்கூல்ல என்ன கார்டு?"

சொன்னாள்.

"486லயா? அதுக்குச் சின்னதே போதுமேம்மா. ஏன் இவ்வளவு பெருசு வாங்கினாங்க?"

"சின்னதுல பேர் எழுத எடம் இல்ல சார்."

ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் மெய்யப்பன் மட்டும் எழுந்து போகச் செருப்பைத் தேடினார். திரும்பும் வழியெல்லாம் வேனில் டீச்சர் அழுதார். சீதை அழவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

மறுவாரக் கூட்டத்தில் மாணவியின் "ஒழுக்கக் குறைவு" கண்டிக்கப்பட்டது. தீர்மானத்தை நானே அழகான கையெழுத்தில் எழுதினேன். டப்பாவில் சிவப்புப் பெயிண்ட் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனால் சீதையின் தோல்விக்கு "உபயம்" என்று தன் பெயரை எழுதிக்கொள்ள, என்னையும் சேர்த்து, இன்றுவரை யாரும் முன்வரவில்லை.