கிடங்குக்காரர் அடுக்கிய ஃப்ரீசர்

சனிக்கிழமை சாயந்திரம் கிடங்குக்காரர் கூடத்தின் நடுவில் நின்று ஒரு சபதம் எடுத்தார். கேட்பதற்கு மனைவி, சின்ன மகள், ஓடிக்கொண்டிருந்த டிவி மூன்றும் இருந்தன.

"இனிமே இந்த வீட்டுல தினமும் சமையல் கிடையாது."

"கேஸ் தீர்ந்துபோச்சா?" என்றாள் மனைவி. துணி மடிக்கிற கை நிற்கவில்லை.

அவள் தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். அவருக்குப் பிறகுதான் வீடு திரும்புவாள். வந்ததும் நிற்கக்கூட தெம்பு இருக்காது. அதனால் அடிக்கடி கடைச் சாப்பாடு, சம்பளமும் அதிலேயே கரையும். வாரத்தில் பாதி நாள் நீங்கள் சமைத்தால் என்ன என்று அவள் கேட்டதிலிருந்து கிடங்குக்காரருக்குச் சரியாகத் தூக்கமில்லை.

"நம்ம கிட்ட குறையறது காசு இல்ல, திட்டம். மொத்தமா காய்கறி வாங்கணும். ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல வாரம் பூராவுக்கும் சமைக்கணும். டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல அடுக்கணும். தினம் ஒண்ணா எடுத்து சுட வெச்சா முடிஞ்சது."

"நல்லாத்தான் இருக்கு. யாரு சமைக்கிறது?"

"நாளைக்கு நான் செஞ்சு காட்டறேன். வாரம் நல்லபடியா ஓடிட்டா நான் ஜெயிச்சேன். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நீ செய்யணும், நான் மதியம்வரைக்கும் தூங்குவேன். ஓடலைன்னா பாதி நாள் சமையல் என்னோடது."

"நீங்க செய்யற மாதிரியே நான் செய்யணும். அவ்வளவுதானே?"

"அச்சு அசலா."

"சரி" என்று அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

அவருக்கு ஏன் அவ்வளவு தைரியம் என்றால், உதிரிபாகக் கிடங்கில் அவர் பெயர் பெரிய பெயர். அவர் அடுக்கிய அலமாரியில் ஒரு ஈ உட்கார இடம் இருக்காது. காலி இடம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்டவருக்கு ஒரு ஃப்ரீசர் எம்மாத்திரம்?

ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினார். கோழிக்குழம்பு, பருப்பு, உருளைக்கிழங்கு, பட்டாணி என்று கொதித்த கொதியில் ஜன்னல் கண்ணாடி வியர்த்தது. சும்மா சொல்லக் கூடாது, வாசனை வாசல்வரை வந்தது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

"அண்ணே, என்ன விசேஷம்?"

"விசேஷம் இல்ல தம்பி, விஞ்ஞானம்" என்றார் கிடங்குக்காரர், கரண்டியை ஆட்டியபடி. பந்தயக் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ஆறவிட்டு ஊத்துங்க. டப்பாவுல விரலளவு இடம் விடுங்க. உறையும்போது பொங்கும்."

"இடம் விட்டா இடம் வீண். கிடங்குல எவ்வளவு வருஷமா இருக்கேன், எனக்குச் சொல்லித் தர்றியா?"

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர் சூடு ஆறுமுன் டப்பாக்களை விளிம்புவரை நிரப்பினார். திங்கள் அடியில், அதன்மேல் செவ்வாய், அதன்மேல் புதன். ஓரத்து இடுக்குகளில் பட்டாணிப் பொட்டலங்களைச் செருகினார். கடைசியில் முழங்காலால் முட்டுக்கொடுத்துக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்க்கணுமே.

திங்கட்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே டப்பாக்களைக் காணோம். ஒரு பாறை இருந்தது. எல்லா மூடியும் பிதுங்கித் திறந்து, குழம்பு பருப்போடு கலந்து, பருப்பு சுவரோடு ஒட்டி, எல்லாம் ஒரே கல்லாகியிருந்தது. திங்கள் அதற்கு அடியில் எங்கேயோ சமாதியாகியிருந்தது. இழுத்தார், வரவில்லை. கரண்டியால் நெம்பினார், கரண்டி வளைந்தது. வெந்நீர் ஊற்றினார், அதுவும் உறைந்து சேர்ந்துகொண்டது.

மனைவி வரும் நேரமாகிவிட்டது. தோற்றால் பாதி நாள் சமையல். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைச் சாப்பாட்டுக்கடைக்கு ஓடினார்.

"அக்கா, கோழிக்குழம்பு குடுங்க. கூடவே கொஞ்சம் ஐஸ் கட்டி."

"குடிக்கவா தம்பி?"

"குழம்புல போடத்தான்."

கடைக்கார அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

மனைவி வீட்டுக்குள் நுழையும்போது குழம்பில் ஐஸ் மிதந்துகொண்டிருந்தது. "இப்பத்தான் எடுத்தேன், உருகிட்டிருக்கு" என்றார். அவள் பார்த்தாள். சாப்பிட்டாள். "அருமை" என்றாள்.

அதன்பின் தினமும் இதே ஓட்டம்தான். புதன்கிழமை கடையில் மீன் மட்டும்தான் இருந்தது.

"என்னங்க, ஞாயிறு நீங்க மீன் வாங்கலையே?"

"இது கோழி."

"அப்பா, கோழியில முள்ளு இருக்கு" என்றாள் மகள்.

"ஃப்ரீசர்ல வெச்சா எலும்பு சுருங்கும். பேசாம சாப்பிடு."

"எனக்குத் தெரியாம போச்சே" என்று மனைவி இன்னொரு துண்டு போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கிடங்குக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். கைச்செலவுக்கு வைத்திருந்ததெல்லாம் காலி. ஆனாலும் வெற்றி வெற்றிதானே.

"வாரம் ஓடிடுச்சு. ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன். நீங்கதான் ஜெயிச்சீங்க. நாளையிலிருந்து என் பொறுப்பு."

மறுநாள் மதியம்வரை ராஜா மாதிரி தூங்கினார். எழுந்து வந்தால் அடுப்பு ஜில்லென்று கிடக்கிறது. மனைவி கால் நீட்டி டிவி பார்க்கிறாள்.

"வாரச் சமையல் என்னாச்சு?"

"ஆகிட்டிருக்கு."

"எங்க?"

"முனைக்கடையில. உங்க முறையிலதான் செய்யறேன், அச்சு அசலா. தினமும் பாத்திரம் குடுத்தனுப்பினா போதும். உங்க பேருல மாசக் கணக்கு வெச்சுக்கச் சொல்லிட்டேன்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "உனக்கு எப்படி..."

"அந்த அக்கா எங்கிட்டதானே துணி தைக்கக் குடுப்பாங்க. திங்கக்கிழமையே வழியில நிறுத்தி, உன் வீட்டுக்காரர் சூடு குழம்புல ஐஸ் போடறாரே, உடம்புக்கு ஏதாவதான்னு அக்கறையா கேட்டாங்க."

கிடங்குக்காரர் மாசக் கணக்கை விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

"கடை வேண்டாம். இனிமே ஞாயித்துக்கிழமை நானே சமைக்கிறேன்."

"அப்ப தோத்துட்டீங்களா?"

"அதெல்லாம் இல்ல. ஜெயிச்சவன் விட்டுக்கொடுக்கிறேன்."

"பெரிய மனசு உங்களுக்கு" என்றாள் அவள், சிரிக்காமல்.

அன்றைக்கே மின்சாரத்தை நிறுத்திப் பாறையை உருக்கி வழித்துக் கொட்டினார். இந்த முறை குழம்பை ஆறவைத்தார், பிளாஸ்டிக் உறைகளில் இடம் விட்டுத் தட்டையாக ஊற்றினார், உறைந்ததும் புத்தகம் மாதிரி நிற்கவைத்து அடுக்கினார். எல்லாம் மனைவி பக்கத்தில் நின்று சொன்னபடிதான். வாரம் பூரா ஒவ்வொன்றும் இழுத்ததும் கையோடு வந்தது. வெளிச் சாப்பாடு வீட்டுப் படி ஏறவில்லை. உருளைக்கிழங்கை மகள் வழித்து நக்கினாள். அவருக்குத் தலை கால் புரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு எலக்ட்ரீஷியன் மறுபடியும் வாசனை பிடித்து வந்தார். "என்ன அண்ணே, இன்னும் நீங்களேதான் சமைக்கிறீங்களா? பந்தயம் என்னாச்சு? அண்ணி எங்க?"

கிடங்குக்காரர் சாத்தியிருந்த படுக்கையறைக் கதவை ஒருதரம் பார்த்தார். கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

"பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்" என்றார், அவள் தூக்கம் கலையாதபடி ரொம்ப மெதுவாக.