ஒன்பதாம் நம்பர் மலையின் உலமாப் பன்றி

கற்பனை வளம் உள்ளவர்களைத் தோட்டத்து ஒப்பீஸில் வேலைக்கு வைக்கக் கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அனுபவத்தைத் தோட்டத்துக்குக் கொடுத்தவனும் நானேதான்.

எழுபதுகளின் கடைசியில், இரத்தினபுரிப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் நான் தற்காலிகச் சின்ன கிளாக்கர். ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரமாகும். நிரந்தரமானால் தொழிலாளர் லயத்தை விட்டுக் குவாட்டர்ஸுக்குப் போகலாம், அம்மா றப்பர் பால் வாளியைக் கீழே வைக்கலாம். ஐந்து மாதமும் மூன்று வாரமும் ஒழுங்காகத்தான் இருந்தேன். (ஒழுங்கு என்றால், யாரும் கண்டுபிடிக்கவில்லை.)

எனக்கு இங்கிலாந்தில் ஒரு பேனா நண்பன் இருந்தான். அவனும் கூட்டாளிகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து புதுசாக ஒரு விளையாட்டு ஆடுவார்களாம். ஒருவன் வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் பூசாரி. வாயால் கதை சொல்லி, தாயக்கட்டை மாதிரி ஒன்றை உருட்டி, மாய மிருகங்களோடு சண்டை போடுவார்கள். கொன்றால் புதையல் கிடைக்கும். உங்கள் காட்டிலிருந்து பயங்கரமாக ஒரு மிருகம் செய்து அனுப்பு என்று எழுதியிருந்தான். வெள்ளைக்காரன் நம்மிடம் தேயிலை கேட்டிருக்கிறான், றப்பர் கேட்டிருக்கிறான், பேய் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலை கால் புரியவில்லை.

செய்தேன். காட்டுப்பன்றி உடம்பு, முதுகில் முள்ளம்பன்றி முள், வாயில் உலமாவின் குரல். (உலமா எங்கள் பக்கத்துக் காடுகளில் பெண்பிள்ளை அழுகிற மாதிரி கத்தும் பறவை. கத்தினால் சாவு விழும் என்பார்கள்.) மிருகத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். தோட்டத்துக்குள் சிறுத்தையோ பன்றியோ வந்தால் ஒப்பீஸ் போடுமே, அந்த எச்சரிக்கை நோட்டீஸ். அதே தாளில், அதே தலைப்புகளின் கீழ், முதலில் தமிழில் எழுதினேன். இடத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று எங்கள் தோட்டத்து ஒன்பதாம் நம்பர் மலையைப் போட்டேன். இங்கிலீசில் மாற்றுவதற்குள் பசி வந்துவிட்டது. தாளை மேசைத் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். தட்டில் இருக்கும் எதற்கும் பெரிய கிளாக்கர் சீல் குத்தி அனுப்பிவிடுவார். வாசித்துப் பார்ப்பது அவர் பதவிக்குக் குறைச்சல்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடியிருந்தபோது, கங்காணி முத்தையா நோட்டீஸை விரித்தார். "ஒன்பதாம் நம்பர் மலையில் காணப்பட்ட உலமாப் பன்றி" என்று அவர் தொடங்கியதும்தான் என் தாள் போன இடம் எனக்குப் புரிந்தது. அது விளையாட்டுக்கு எழுதியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நிரந்தரக் கடிதம் வர ஒரு வாரம்தான் இருந்தது. வீரர்களுக்கே சவால் விடும் மிருகத்தைப் படைத்த நான், பேர் பதியும் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கங்காணி நிறுத்தி நிதானமாக வாசித்தார். "தற்காப்பு: ஆறு பேருக்குக் குறையாமல் சேர்ந்து போகவும். கூட்டத்தில் ஒரு பூசாரி இருப்பது கட்டாயம்."

பால் வெட்டுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தனியே போகிறவர்கள். முன்வரிசையில் நின்ற மாரியாயி யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இத்தனை பேரு நிக்கிறோம். தோட்டத்துல இருக்கிறது ஒரே பூசாரி. மிச்சப் பூசாரிங்கள ஒப்பீஸ் குடுக்குமாங்க?"

வேதக்காரக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கு உபதேசியார் வேண்டும் என்றார்கள். அதெல்லாம் மனேஜர் தொரையிடம் பேசிக்கொள்ளலாம் என்று அடக்கிவிட்டு, கங்காணி கடைசி வரிக்கு வந்தார்.

"கொன்றால் கிடைப்பது: வயிற்றில் கோழிமுட்டை அளவு நீலக்கல்."

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். மண்ணைத் தோண்டி இரத்தினக்கல் எடுக்கும் இரத்தினபுரியில் கல் விஷயத்தில் யாரும் சிரிப்பதில்லை, அதுவும் சீல் குத்திய தாளில் வந்தால். அதற்குப் பிறகு ஒருவரும் பூசாரி கேட்கவில்லை. அம்மா மெதுவாக என் பக்கம் வந்தாள்.

"தம்பி, ஒம்பதாம் நம்பர்ல எந்தப் பக்கம்னு ஒனக்குத் தெரியும்தானே? அம்மாகிட்ட மட்டும் சொல்லு."

எட்டு மணிக்குள் தோட்டம் முழுக்க ஒன்பதாம் நம்பரில் நின்றது. ஒன்பது மணிக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமம் வேட்டை நாய்களோடு வந்தது. பன்றி கிடைக்கவில்லை. அப்போது ஒரு புத்திசாலி, பன்றி அந்தக் கல்லை எங்கே விழுங்கியிருக்கும் என்று கேட்டுவிட்டான். உடனே அலவாங்கும் மண்வெட்டியும் வந்தன. மத்தியானத்துக்குள் றப்பர் மரங்களுக்கு நடுவே பதினேழு குழி. ஒரு சிரட்டைப் பால்கூட வெட்டப்படவில்லை.

தொரை என்னையும் பெரிய கிளாக்கரையும் கூப்பிட்டார். இங்கிலாந்து, மேசை, கட்டை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எத்தட்டம கலக் தியெனவத?" என்றார். உண்மையிலேயே கல் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்கிறார், மனுஷன்.

இல்லை என்றதும்தான் அவருக்குக் கோபமே வந்தது. கூட்டத்தைக் கலைக்கும் வேலை பெரிய கிளாக்கர் தலையில் விழுந்தது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு நோட்டீஸ் எழுதினார்: மேற்படி மிருகம் ஆற்றைக் கடந்து அடுத்த தோட்டத்துக்குச் சென்றுவிட்டது. அரை மணித்தியாலத்தில் எங்கள் மலை காலி. அடுத்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மரக்கறித் தோட்டத்தில் அன்று பொழுதுசாய்வதற்குள் கிணறு மாதிரி ஒரு குழி விழுந்ததாம்.

எனக்கு நிரந்தரக் கடிதம் வரவில்லை, இன்னும் ஆறு மாதம் தற்காலிகம் என்ற கடிதம்தான் வந்தது. அந்த ஆறு மாதமும் அம்மா வாளி தூக்கினாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை. பிறகு இங்கிலீசில் எழுதி அனுப்பிய மிருகம் பேனா நண்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. மிருகம் நல்லாயிருக்கிறது, ஆனால் வயிற்றில் கல் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள் என்று பதில் போட்டான்.

பிற்பாடு நான் கட்டியது அந்தக் கணக்கப்பிள்ளையின் மகளைத்தான். பெண் பார்க்கப் போனபோது மாமனார் பலகாரத் தட்டை வைப்பதற்கு முன்பே என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் குழியைக் காட்டினார். வீட்டில் இன்றும் சாவியோ மூக்குக் கண்ணாடியோ காணாமல் போனால், ஆற்றைக் கடந்து அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டது என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள்.

போன வருஷம் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்தேன். படம் பிடித்துப் பார்த்த டொக்டர், பித்தப்பையில் கல், வெட்டி எடுக்க வேண்டும் என்றார். என் மனைவி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அழுகிறாளாக்கும் என்று நினைத்து மனம் உருகினேன்.

ஒப்பரேஷனன்று காலை சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். கோயில் பூசாரியும் திருநீறோடு வந்து நின்றார். என் மனைவி கட்டிலைச் சுற்றி நின்றவர்களை விரல் விட்டு எண்ணினாள். பிறகு டொக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆறு பேர் இருக்கோம், பூசாரியும் வந்துட்டாரு. இனி பயப்படாம வெட்டுங்க டொக்டர்."